சின்னச் சமையலறையைக் குறைந்த செலவில் விசாலமாக்குவது எப்படி: டர்பன் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் 1960களிலும் 1970களிலும் எழுந்த வீடுகளில் சமையலறைக்கு ஒதுக்கப்பட்ட இடம் கொஞ்சம்தான். அதே அறைக்குள் இன்று ஆளுயர ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், ஏர் ஃப்ரையர், மின்வெட்டுக்கென்று வாங்கிய கேஸ் அடுப்பு, பல வீடுகளில் வாஷிங் மெஷின் என்று எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. சுவரை இடிக்காமலும் கடன் வாங்காமலும் இந்த அறையை விசாலமாக்க முடியும். ஆனால் வேலைகளைச் சரியான வரிசையில் செய்ய வேண்டும். பலரும் பெயின்ட் கடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சமையலறையை இறுக்கிப் பிடிப்பவை மூன்று: அடைபட்ட தரை, போதாத வெளிச்சம், கண்ணைத் துண்டு துண்டாக வெட்டும் கோடுகள். இந்த வரிசையிலேயே சரிசெய்யுங்கள். முதலாவதற்குக் காசு ஏறக்குறைய தேவையே இல்லை.

கணக்குக்கு வசதியாக 3 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரமுள்ள சமையலறையை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டு அளவை அதோடு ஒப்பிட்டுக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அளந்து வரையுங்கள்

கட்டம் போட்ட தாளில் 10 செ.மீ.க்கு ஒரு கட்டம் என்று வைத்து அறையை வரையுங்கள். கதவு, ஜன்னல், சிங்க், அடுப்பு, ஃப்ரிட்ஜ், சாக்கெட்டுகள் எல்லாவற்றையும் குறியுங்கள். கதவுகள் திறக்கும் வளைவையும் வரைய வேண்டும்: அறைக் கதவு, ஃப்ரிட்ஜ் கதவு, ஓவன் கதவு மூன்றையும். எந்த இரண்டு வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவோ அங்கேதான் தினமும் இடிபடுகிறீர்கள். நடந்து போகக் குறைந்தது 90 செ.மீ. இடைவெளி வேண்டும். இருவர் சேர்ந்து சமைக்கும் வீட்டில் 1 மீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது.

தரையையும் மேடையையும் காலி செய்வது

மேடையில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் மூன்றாகப் பிரியுங்கள். தினமும் கை வைப்பவை, வாரம் ஒருமுறை எடுப்பவை, வருடத்துக்கு ஓரிரு தடவை வெளியே வருபவை. மேடையில் தங்க முதல் வகைக்கு மட்டுமே உரிமை. கெட்டில், அஞ்சறைப்பெட்டி, எண்ணெய் பாட்டில், உப்பு அங்கே இருக்கட்டும்.

நம் வீடுகளில் இடத்தைத் தின்பது மூன்றாவது வகைதான். ஆடிக் கஞ்சிக்கும் கல்யாணப் பிரியாணிக்கும் எடுக்கும் பெரிய அண்டாக்கள் சமையலறையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, இடையில் பழைய துணி வைத்து, பின்கட்டிலோ கட்டிலுக்கு அடியிலோ வைத்துவிடுங்கள். டர்பனின் ஈரக்காற்றில் அலுமினியம் வெள்ளை பூத்துவிடும், இரும்பு துருவேறும். நன்றாகக் காயவைத்துப் பையில் கட்டி வைத்தால் அந்தத் தொல்லை குறையும். புரட்டாசி விரதத்துக்கென்று தனிப் பாத்திரம் வைத்திருக்கும் வீடுகளில், அவற்றை மூடியுள்ள ஒரு பெட்டியில் போட்டு மேல் கபோர்டுக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள இடத்தில் வையுங்கள். சுத்தம் காக்கவும் அது வசதி.

அந்த மேல் இடைவெளியைக் கொஞ்சம் கவனியுங்கள். மேடை 90 செ.மீ. உயரம், அதன்மேல் 55 செ.மீ. விட்டு 72 செ.மீ. உயரக் கபோர்டு மாட்டினால் சீலிங்குக்குக் கீழே ஏறக்குறைய 23 செ.மீ. மிஞ்சும். திறந்து கிடந்தால் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து பிசினாக ஒட்டிக்கொள்ளும், கண்ணும் அந்த இருட்டு இடுக்கில் போய் நிற்கும். கபோர்டு நிறத்திலேயே பலகை வைத்து, மேல்நோக்கித் திறக்கும் கதவு போட்டு மூடினால் பரண் கிடைக்கும். மேல் கபோர்டு சீலிங் வரை ஒரே சுவராகத் தெரிவதால் அறையின் உயரமும் கூடினாற்போல் இருக்கும்.

மைக்ரோவேவைச் சுவரில் ஏற்றினால் மேடையில் அரை மீட்டர் மிச்சமாகும். அதில்தான் அடிக்கடி விபத்தும் நடக்கிறது. உள்ளீடற்ற சிமென்ட் பிளாக் சுவரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் அடித்தால், திருகை முறுக்கும்போது பிளக்கும் கூடவே சுற்றும். அன்று நின்றாலும் ஆறு மாதத்தில் தளர்ந்து வெளியே வந்துவிடும். துளை போடும்போது டிரில் திடீரென்று உள்ளே வழுக்கிப் போனால் அது உள்ளீடற்ற பிளாக். அதற்கென்று உள்ள விரியும் ஆங்கரையோ, சல்லடைக் குழாயுடன் வரும் ரசாயனப் பசை ஆங்கரையோ பயன்படுத்துங்கள். தாங்கியின் மேல் எழுதியிருக்கும் எடை, மைக்ரோவேவும் உள்ளே வைக்கும் சாப்பாடும் சேர்ந்த எடையைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

கதவு பிடித்து வைத்திருக்கும் இடம்

தென்னாப்பிரிக்க வீடுகளின் வழக்கமான உள்கதவு 813 மி.மீ. அகலம். உள்ளே திறந்தால் அரைச் சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான தரை அதற்கே போய்விடும். கபோர்டுகள் போக நடக்க எஞ்சுவது நாலைந்து சதுர மீட்டர் என்றால், அதில் பத்தில் ஒரு பங்கு இது.

வழி மூன்று. கதவு எப்போதும் திறந்தே கிடந்தால் கழற்றிவிடலாம், கீல் குழிகளை மரப்புட்டியால் நிரப்பிப் பெயின்ட் அடித்தால் போதும். அடைக்க வேண்டுமென்றால் வெளிப்பக்கம் திறக்குமாறு மாற்றி மாட்டலாம். கதவு பதியும் பள்ளம் உள்பக்கத்துக்கென்றே அமைந்த இரும்புச் சட்டமாக இருந்தால் இது ஒத்துவராது. மூன்றாவது, சுவருக்கு வெளியே ஓடும் நகரும் கதவு. அதற்குப் பக்கத்துச் சுவரில் கதவின் அகலத்துக்குக் குறையாத வெற்றிடம் வேண்டும், அங்கே சுவிட்சும் இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் கதவைப் பொறுத்தவரை, பெரும்பாலான மாடல்களில் கீலை இடமிருந்து வலமாக மாற்றிக்கொள்ளலாம். கையேட்டைப் பார்த்துச் செய்தால் செலவில்லை.

வெளிச்சம்: இங்கே வெயில் வடக்கிலிருந்து

தமிழ்நாட்டு யோசனைகளை அப்படியே பின்பற்றினால் பிசகுவது இங்கேதான். டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிறது. நண்பகல் சூரியன் வருடம் முழுவதும் வடக்குப் பக்கம்தான். டிசம்பரில் கிட்டத்தட்ட உச்சிக்கு வரும், ஜூனில் 37 பாகை உயரம்தான் ஏறும். ஆகவே வடக்கு ஜன்னலுக்கு குளிர்கால வெயில் ஆழமாக உள்ளே வரும், தெற்கு ஜன்னலுக்கு அந்த மாதங்களில் நேர் வெயில் கிடையாது. வாஸ்துப்படி அக்னி மூலையான தென்கிழக்கில் சமையலறை வைத்த வீடுகளில், கோடைக் காலையில் நல்ல வெளிச்சமும் ஜூன், ஜூலையில் மங்கலும் இருப்பதற்கும் இதுதான் காரணம். அடுப்பை இடம் மாற்ற வேண்டாம், வெளிச்சத்தை வரவழைத்தால் போதும்.

தெற்கு ஜன்னல் உள்ளவர்களுக்கு மலிவான, அருமையான வழி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே இரண்டு மீட்டர் தூரத்தில் உங்கள் மதில் இருந்தால், உங்களைப் பார்க்கும் அதன் முகம் வடக்கு முகம். கோடை நண்பகலில் முழுதாக வெயில் விழும். ஜூன் நண்பகலிலும், கூரை நிழல் பாதி மறைத்தாலும், மேல்பகுதியில் வெயில் படும். அந்த முகத்துக்கு பளபளப்பில்லாத வெள்ளை வெளிப்புறப் பெயின்ட் இரண்டு பூச்சு அடித்தால், பட்ட வெயில் திரும்பி ஜன்னல் வழியாக உள்ளே வரும். சாம்பல் சிமென்ட் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பளபளக்கும் பெயின்ட் வேண்டாம், கண் கூசும். அடுத்தவர் மதிலாக இருந்தால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜன்னலில் கனமான லேஸ் திரை இருந்தால் எடுத்துவிட்டுக் கீழ்ப்பாதிக்கு மட்டும் மெல்லிய துணி போடுங்கள். மறைவும் இருக்கும், மேலிருந்து வானமும் தெரியும். ஜன்னல் விளிம்பில் பாட்டில் வரிசை வேண்டாம். திருட்டுக்குப் பயந்து போட்ட கம்பிகளை ஜன்னல் சட்டத்தின் நிறத்திலேயே பூசினால் அவை தனியாக உறுத்தாது. கேஸ் அடுப்பு ஜன்னலுக்குக் கீழே என்றால் திரையே கூடாது.

இரவு வெளிச்சத்துக்கு, சீலிங் நடுவில் ஒற்றை பல்பு போதாது. மேடையில் நிற்பவரின் நிழலே காய்கறி மேல் விழும். மேல் கபோர்டின் அடியில், முன்விளிம்புக்கு அருகில் எல்.ஈ.டி. பட்டை ஒட்டுங்கள். பின்சுவரை ஒட்டி வைத்தால் சுவர்தான் வெளிச்சமாகும், வெட்டும் பலகை இருட்டிலேயே கிடக்கும். மீட்டருக்கு 10 வாட் என்றால் 3 மீட்டருக்கு 30 வாட். மின்மாற்றி 36 வாட்டாவது இருக்கட்டும், கணக்காக 30 வாட் வாங்கினால் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். பட்டையை நேராகப் பலகையில் ஒட்டாமல் பால்நிற மூடியுள்ள அலுமினியச் சட்டத்தில் ஒட்டுங்கள். சூட்டை அலுமினியம் வாங்கிக்கொள்ளும், எண்ணெய்ப் பிசுக்கை மூடியிலிருந்து துடைத்துவிடலாம். நிறம் 4000 கெல்வின் நல்லது. 2700 என்றால் வெள்ளைச் சுவர் மஞ்சளாகத் தெரியும், 6500 என்றால் குழம்பின் நிறம் செத்துப்போகும். மின்வெட்டுக்குச் சீலிங்கில் பேட்டரி உள்ள எல்.ஈ.டி. பல்பு ஒன்று போட்டு வையுங்கள்.

சாக்கெட்டில் செருகும் விளக்குகளை நீங்களே மாட்டலாம். சுவருக்குள் ஒயர் இழுப்பதும் புதுப் பாயின்ட் வைப்பதும் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. இணக்கச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், வீடு விற்கும்போது அதைக் கேட்பார்கள்.

பிசுக்கு நீக்கிப் பெயின்ட் அடிப்பது

பெயின்ட் உரிந்து வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயின்ட் அல்ல, அதற்கு அடியில் இருக்கும் எண்ணெய். தாளித்துத் தாளித்துச் சுவரில் படிந்த மெல்லிய படலம் கண்ணுக்குத் தெரியாது. அடுப்புக்கு மேலே விரலால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். விரல் ஒட்டினால் எண்ணெய் இருக்கிறது.

சுவரின் பிசுக்கை நீக்கும் சுகர் சோப்பை டப்பாவில் சொன்ன அளவுக்கு வெந்நீரில் கரைத்து, சுவரைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் வழிந்து காய்ந்த சுவரில் கோடு விழும். பிறகு சுத்தத் தண்ணீரால் இரண்டு தடவை துடையுங்கள், சோப்பு மிஞ்சினாலும் பெயின்ட் பிடிக்காது. பூசணம் இருந்தால் ஒரு பங்கு ஜிக் ப்ளீச்சும் மூன்று பங்கு தண்ணீரும் கலந்து பூசி, கால் மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வேறெந்தக் கழுவும் மருந்தையும் அதோடு கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். ஒரு நாள் காயட்டும். மழைக் காலமென்றால் இரண்டு நாள்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே காய்ந்த உப்புத்தாள் தேய்ப்பு வேண்டாம், தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முகமூடி அணிந்துகொள்ளுங்கள். கூரையிலோ சீலிங்கிலோ கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடு, கல்நார் பலகை இருந்தால் தேய்ப்பதும் துளைப்பதும் கூடவே கூடாது.

இப்போது அளவு. நான்கு சுவரும் சேர்ந்து ஏறக்குறைய 26 சதுர மீட்டர். கதவு, ஜன்னல், டைல்ஸ், கபோர்டு மறைக்கும் பகுதி போக 16 சதுர மீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்றால் இரண்டு பூச்சுக்கு 4 லிட்டர். ஒரு 5 லிட்டர் டின் போதும், மிச்சம் பின்னால் திருத்தப் பயன்படும். சீலிங்குக்கு இன்னும் 2 லிட்டர். சுவருக்குக் கழுவக்கூடிய, இலேசான பளபளப்புள்ள அக்ரிலிக் வாங்குங்கள். பளபளப்பே இல்லாத பெயின்டில் மஞ்சள் கறை ஏறினால் போகாது.

நிறம் பற்றி ஒரே ஒரு விதி: சுவர், கபோர்டு, சீலிங் மூன்றும் ஒரே குடும்பத்து வெளிர் நிறத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு நிற மாற்றமும் கண்ணுக்கு ஒரு எல்லைக்கோடு. தெற்கு பார்த்த அறைக்கு நீலம் கலந்த வெள்ளை வேண்டாம், சாம்பலாகத் தெரியும். சற்றே மஞ்சள் சாயலுள்ள வெள்ளை சரியாக வரும். அடர் நிறம் பிடிக்குமென்றால் ஒரு பாய், ஒரு செடித்தொட்டி, ஒரு தட்டு என்று மாற்றக்கூடிய பொருளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கபோர்டு: பெட்டி இருக்கட்டும், கதவை மாற்றுங்கள்

பெட்டி உறுதியாக இருந்தால் முழுதாகப் பிடுங்குவது வீண் செலவு. சிங்க்குக்கு அடியிலுள்ள பலகையை மட்டும் நன்றாகப் பாருங்கள். தண்ணீர் குடித்து ஊதியிருந்தால் அதைப் பெயின்ட் மறைக்காது, மாற்றத்தான் வேண்டும்.

16 மி.மீ. மெலமைன் பலகை இங்கே 2750 × 1830 மி.மீ. அளவில் வருகிறது. 597 × 715 மி.மீ. கதவுகளாக வெட்டினால் ஒரு பலகையில் 9 கதவு, மிச்சத்தில் டிராயர் முகப்புகளும் வரும். பலகைக் கடையிலேயே வெட்டி விளிம்பும் ஒட்டித் தருவார்கள். நான்கு விளிம்பும் ஒட்டச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாது என்று கீழ்விளிம்பை விட்டால் ஈரம் அதன் வழியாகத்தான் ஏறும்.

மறைவுக் கீலுக்கு 35 மி.மீ. குழி போட வேண்டும், ஆழம் 12 முதல் 13 மி.மீ. பலகையே 16 தான், குழிக்கு அடியில் மிஞ்சுவது மூன்று நான்கு மி.மீ. எனவே டிரில் முனையின் கூர் மறுபக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்க ஆழத் தடுப்பு மாட்டி, முதலில் கழிவுத் துண்டில் போட்டுப் பாருங்கள். திருகும் 16 மி.மீ.க்குக் குட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முகப்பில் புடைப்புத் தெரியும். கதவுகள் நேராக நிற்க ஒரு கோடியில் ரசமட்டம் பிடித்துத் தொடங்குங்கள்.

பழைய கதவுக்கே பெயின்ட் அடிப்பதென்றால் சுகர் சோப், 220 எண் உப்புத்தாள், வழுக்கும் பரப்பில் பிடிக்கும் பிரைமர், பிறகு தண்ணீரில் கரையும் எனாமல் இரண்டு மெல்லிய பூச்சு. தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் அழுத்தித் துடைத்தால் உரியும்.

கண்ணாடியில்லாத திறந்த அலமாரிகள் படத்தில் அழகாக இருக்கும். மசாலா வதக்கும் வீட்டில் ஒரு வாரத்தில் எல்லாத் தட்டிலும் பிசுக்கு ஏறிவிடும். தினமும் கழுவி எடுக்கும் டம்ளர், கோப்பைகளுக்கு ஒரே ஒரு தட்டு போதும்.

கீழ்க் கபோர்டுக்கு அடியில் தரையை ஒட்டி நிற்கும் பலகையைத் தரையின் நிறத்தில் பூசுங்கள். தரை கபோர்டுக்குக் கீழே போவதுபோல் தோன்றும். ஒரு கால் லிட்டர் பெயின்டில் முடிகிற வேலை.

டைல்ஸும் தரையும்

பழைய 150 மி.மீ. டைல்ஸில் உறுத்துவது டைல்ஸ் அல்ல, டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் கிரவுட் கறுத்துப்போய்ப் போடும் கட்டங்கள். கிரவுட்டைத் தேய்த்துக் கழுவி, டைல்ஸ் நிறத்துக்கு ஒத்த கிரவுட் பேனா பூசினால் கட்டங்கள் மறைந்து சுவர் ஒரே பரப்பாகும். டைல்ஸ் பெயின்ட் அடுப்புக்குப் பின்னாலும் சிங்க்கைச் சுற்றியும் நிற்காது, ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் ஈரம். அடுப்புக்குப் பின்னால் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்தால் வெளிச்சத்தையும் திருப்பித் தரும். சாதாரண நிலைக்கண்ணாடி அங்கே சூட்டில் வெடிக்கும். கண்ணாடி வைக்க ஆசையென்றால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வையுங்கள்.

தரைக்கு வெளிர் நிற வைனில் விரிப்பு நல்லது. வரவேற்பறை வரை ஒரே விரிப்பாக, வாசலில் பட்டை இல்லாமல் ஓடினால் இரண்டு அறையும் சேர்ந்து தெரியும். ஒட்டுவதற்கு முன் அரை மீட்டர் சதுரப் பிளாஸ்டிக்கை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் தரையில் ஓதம் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஒட்டினால் குமிழி கிளம்பும்.

ஆவி வெளியே போகட்டும்

புழுக்கமான அறை எவ்வளவு வெள்ளையடித்தாலும் நெருக்கமாகவே இருக்கும். காற்றை வடிகட்டி உள்ளேயே விடும் சிம்னி வாசனையைக் குறைக்கும், ஆவியைக் குறைக்காது. முடிந்தால் சுவரில் 150 மி.மீ. குழாய் போட்டு வெளியே விடுங்கள். குழாய் குட்டையாக, ஒரே வளைவோடு இருக்கட்டும். கேஸ் அடுப்புக்கும் மேலே உள்ள எதற்கும் குறைந்தது 650 மி.மீ. இடைவெளி வேண்டும், சிம்னியின் கையேடு அதிகம் சொன்னால் அதுவே கணக்கு. முன்னே சொன்ன 55 செ.மீ. அடுப்புக்கு மேலே பொருந்தாது. கேஸ் இணைப்பைப் பதிவு பெற்றவர் மட்டுமே மாற்ற வேண்டும்.

சுவரை எடுப்பதைப் பற்றி

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். அந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறதா என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும், கட்டமைப்பைத் தொட்டால் டர்பனின் ஈத்தெக்வினி நகராட்சியில் வரைபட ஒப்புதலும் வேண்டும். இரட்டை வீடுகளில் பொதுச்சுவரைத் தொடவே கூடாது. செலவோடு இன்னொன்றையும் யோசியுங்கள்: சுவர் போனால் மேல் கபோர்டு மாட்டும் இடமும் போகும், மீன் பொரிக்கும் வாசனை சோபாவில் ஏறும். கதவைக் கழற்றி, தரையை ஒன்றாக்கி, மதிலுக்கு வெள்ளையடித்துவிட்டு இரண்டு மாதம் சமைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் இடம் போதவில்லை என்றால் அப்போது பொறியாளரைக் கூப்பிடலாம்.